சில்லறையாய்ப் போன கூலி: பத்து காஜா வட்டாரத்தில் புகையிலைச் செலவின் வரலாறு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பத்து காஜா வட்டாரத்தில் உழைப்பாளிகள் புகைக்குக் கொடுத்த விலையின் வரலாறு ஈயச் சுரங்கங்களில் தொடங்குகிறது. 1880களில் கிந்தா மாவட்டத்தின் தலைமையிடமான இவ்வூரைச் சுற்றி, பாப்பான், பூசிங், கோப்பேங் எனப் பல இடங்களில் சீனத் தொழிலாளர்கள் ஈயம் தோண்டினார்கள். சுரங்கத்துக்கு முதல் போட்ட தவுக்கே அரிசி, எண்ணெய், துணியோடு அபினியையும் அவர்களுக்குக் கடனாகத் தந்தார். வெளிக்கடை விலையைவிடக் கூட்டியே கணக்கெழுதினார். ஈயம் விற்றபின் கணக்குத் தீர்க்கும்போது தொழிலாளியின் கையில் நின்றது சொற்பம்; பலருக்குக் கடன் மட்டுமே நின்றது. அபினி விற்கும் உரிமையை ஏலம் விட்டு அரசாங்கமும் வருவாய் பார்த்தது. 1910 வாக்கில் ஏலமுறை கைவிடப்பட்டு, அபினி விற்பனையே அரசின் ஏகபோகமாயிற்று. முழுத் தடை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வந்தது.

வேலை கொடுப்பவரே சரக்கும் விற்பது, காசுக்குப் பதில் கடனேட்டில் எழுதுவது, ஒவ்வொரு இழுப்பிலும் அரசுக்கு ஒரு பங்கு போவது ஆகிய மூன்றும் அபினிக் காலத்திலேயே வேரூன்றிவிட்டன. ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தபோது சரக்கு மாறியது. முறை பெரிதாக மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற ஏற, கிந்தாப் பள்ளத்தாக்கின் காடுகள் தோட்டங்களாயின. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் பத்து காஜாவுக்கு அருகே அமைத்த கிந்தா கெல்லாஸ் தோட்டம் அவற்றுள் ஒன்று. அவர் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகையும், தோட்டத் தமிழர்களுக்காகக் கட்டித்தந்த மாரியம்மன் கோயிலும் இன்றும் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினார்கள்.

அப்படி வந்தவர்களுக்குப் புகையிலை புதிதன்று. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அந்த இலை, இரண்டு நூற்றாண்டுகளுக்குள் தமிழர் வாழ்வில் நன்றாக ஊறிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் அதைத் தூது அனுப்பி ஒரு சிற்றிலக்கியமே பாடியிருக்கிறார். திண்டுக்கல்லும் திருச்சியும் சுருட்டுக்குப் பெயர்பெற்றவை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை விலைபோனது. அந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான் மலாயாவின் ரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் பெரும்பாலும் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, இருந்தார்கள். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆண்கள் சுருட்டும் பீடியும் குடித்தார்கள். ஆண் பெண் இருபாலாரும் வெற்றிலையோடு புகையிலையை மென்றார்கள். மலாய்க்காரர்களின் நிப்பா இலைச் சுருளும் அருகில் கிடைத்தது. இயந்திரத்தில் சுற்றிய வெள்ளைச் சிகரெட் முதலில் துரைக்கும் கிராணிக்கும் உரியதாக இருந்து, பிறகு படிப்படியாகக் கீழிறங்கியது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தோட்டக் கூலியின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளி உயிர்வாழ மாதம் என்னென்ன தேவை, அதற்கு எவ்வளவு ஆகும் என்று பட்டியலிட்டே நிலையான கூலி நிர்ணயிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையற்றுப்போன பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் கூலியில் எதையும் மிச்சம்பிடிக்க இடமே வைக்கப்படவில்லை. பட்டியலுக்கு மேல் போன ஒவ்வொரு காசும் அரிசியிலிருந்தோ, பிள்ளையின் உடுப்பிலிருந்தோ, ஊரில் காத்திருந்த தாய்க்குப் போகவேண்டிய மணியார்டரிலிருந்தோ வெட்டியெடுத்த காசுதான்.

நாளொன்றுக்கு 2 காசு புகையிலைக்குப் போனதாக வைத்துக்கொண்டால், 40 காசுக் கூலிக்காரருக்கு மாதம் ஒன்றரை நாள் கூலி அதிலே தீர்ந்துவிடும். ஆண்டுக்குப் பதினெட்டு நாள் கூலி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, பனியில் நனைந்து, மரம் மரமாகப் பால் வெட்டிச் சம்பாதித்த பதினெட்டு நாள். பெண்ணின் கூலியில் கணக்குப் பார்த்தால் அது இருபத்து மூன்று நாளாக ஏறும்.

ஆனால் லயத்தில் யாரும் அதை அப்படிக் கூட்டிப் பார்க்க வாய்ப்பிருக்கவில்லை. சம்பளம் மாதம் ஒருமுறை. புகையிலை தினமும் வேண்டும். இடைப்பட்ட நாட்களுக்குக் கடைக்காரர் பற்று எழுதினார். கடை பல இடங்களில் கங்காணியுடையதாகவே இருந்தது. ஆளுக்கு ஒரு நாள் வேலைக்கு இத்தனை காசு என்று தோட்டத்திடம் தலைக்காசு வாங்கிய அதே கங்காணி, அந்த ஆளின் வாயில் போகும் வெற்றிலையிலும் இலாபம் பார்த்தார். சம்பளம் போடும் நாளில் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தபோது, அரிசிக்கு எவ்வளவு, புகையிலைக்கு எவ்வளவு என்று எழுதப்படிக்கத் தெரியாத ஒருவரால் பிரித்துக் கேட்க முடியாது. பின்னாளில் நாட்டின் மளிகைக் கடைகளில் இதே பழக்கம் ‘555’ என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் தொடர்ந்தது. மூவின மக்களும் கடன் என்றாலே அந்தப் புத்தகத்தைச் சொல்லும் அளவுக்கு அது நிலைத்தது.

புகையிலைச் செலவு கண்ணில் படாமல் போனதற்கு இன்னொரு காரணம் கள்ளுக்கடை. தோட்டச் சீர்திருத்தக்காரர்களின் சினமெல்லாம் கள்ளின்மீதே குவிந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார். அதையொட்டிப் பரவிய சீர்திருத்த இயக்கம் குடியைச் சமூக இழிவாக எடுத்துக்காட்டியது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் இருந்தது. போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தார்கள். அவர்கள் செய்தது சரியானதே. கள் ஒரே மாலையில் சம்பளத்தைத் தின்றது. வீட்டில் அடிதடியை வளர்த்தது. மறுநாள் வேலையைக் கெடுத்தது. சுருட்டு இவற்றில் எதையும் செய்யவில்லை. வேலைக்கு நடுவே குடிக்கலாம். பசி அடங்கியதுபோல் இருக்கும். வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டு நீட்டுவது மரியாதை. ஆகவே எந்த மறியலும் புகையிலைக் கடையின் முன் நடக்கவில்லை. காசைச் சிறுகச் சிறுக எடுத்து, உடலை இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் தாக்கும் ஒன்றை எதிர்க்க அப்போது யாருக்கும் சான்று கையில் இல்லை என்பதும் உண்மை.

அந்தச் சான்று வரத் தாமதமானதற்குப் பெண்கள் கொடுத்த விலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இன்று மலேசியாவில் புகைபிடிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான். அதை வைத்துத் தோட்டப் பெண்கள் புகையிலையிலிருந்து தப்பினார்கள் என்று எண்ணுவது பெரும்பிழை. அவர்கள் அதை மென்றார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்து மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே நிரையில் நடந்து பால் வெட்டினார்கள். தாயிடமிருந்து மகளுக்கு அந்தப் பழக்கம் போனது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் வகைப்படுத்தியது; 2004இல் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் அதே வகையில் சேர்த்தது. மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், குறிப்பாக இந்தியப் பெண்களிடம், மிகுதியாகத் தென்படுகிறது. நாட்டுப் புகைப்பவர் கணக்கில் ஒருபோதும் சேராத பாட்டிமார்களின் கணக்கு அது.

ஜப்பானிய ஆட்சிக்காலம் இந்த வரலாற்றில் ஓர் இடைவெளி. வாழைமரப் படம் போட்ட நோட்டு மதிப்பிழந்து, தோட்ட ஆண்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆண்டுகளில் எந்தச் செலவையும் அளக்க அளவுகோல் இல்லை.

சிறுகாசு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத் தமிழர்கள் வேறொரு வழியில் கண்டார்கள். 1950களின் இறுதியில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் வெட்டுபவர்கள் தவணையாகக் கட்டிய பணத்தில் சங்கம் முழுத் தோட்டங்களையே வாங்கியது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியும் மாதந்தோறும் கூலியில் ஒரு பகுதியை முதுமைக்கென்று எடுத்துவைத்தது. இவை தோன்றிய அதே காலத்தில்தான் சிகரெட்டும் தோட்டக் கடைகளில் நிலையான இடம் பிடித்தது. 1960களில் நாட்டுக்குள்ளேயே பெரிய ஆலைகள் இயங்கின. கிளந்தானில் ஆலைக்கான புகையிலையும் பயிரானது. பீடியும் சுருட்டும் கிழவர்களின் பழக்கமாகப் பின்னுக்குப் போக, இளைஞர்கள் வடிகட்டி வைத்த சிகரெட்டுக்கு மாறினார்கள். செலவும் அதற்கேற்பக் கூடியது.

விளம்பரத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரடிச் சிகரெட் விளம்பரம் 1982இல் தடைசெய்யப்பட்டது. நிறுவனங்கள் உடனே சிகரெட்டைக் காட்டாமல் அதன் பெயரை மட்டும் காட்டத் தொடங்கின. சுற்றுலா, இசைநிகழ்ச்சி, விளையாட்டு என எதிலும் அந்தப் பெயர் இருந்தது. மலேசியக் காற்பந்து லீக்கின் பெயரிலேயே டன்ஹில் என்ற சிகரெட்டின் பெயர் 2004 வரை ஒட்டியிருந்தது. 2002இலும் 2003இலும் பேராக் அணி லீக் பட்டத்தை வென்றபோது, ஈப்போ அரங்கிலும் பத்து காஜா வீடுகளின் தொலைக்காட்சியிலும் கொண்டாடிய சிறுவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொண்டார்கள். உடற்பயிற்சியின் உச்சத்தில் நின்ற வீரர்களின் வெற்றியை, மூச்சைக் கெடுக்கும் சரக்கின் பெயரால் அழைக்க அனுமதித்தது அக்காலத்தின் பெருந்தவறு.

சட்டம் மெல்ல நகர்ந்தது. பிரிட்டனில் டால், ஹில் ஆகியோரின் ஆய்வு சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் 1950இலேயே இணைத்துக் காட்டியிருந்தது. மலேசியாவில் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் 1993இல் வந்தன. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பது குற்றமாயிற்று. 2004இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டு, ‘தக் நக்’ (வேண்டாம்) எனும் நாடுதழுவிய இயக்கம் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை நாடு 2005இல் ஏற்றது. 2009 முதல் பெட்டிகளில் நோயின் படங்கள் அச்சாயின. 2010இல் இருபது குச்சிக்குக் குறைந்த சிறு பெட்டிகள் தடைசெய்யப்பட்டன. ஏழையின் பைக்கும் மாணவரின் பைக்கும் ஏற்ற அளவில் சரக்கைச் சில்லறையாக்கி விற்கும் பழைய கங்காணிக் கடை உத்தியை நேராகத் தொட்டது என்பதால், இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத அந்தக் கடைசி விதி முக்கியமானது.

இதற்கிடையில் பத்து காஜாவின் பொருளாதாரமே தலைகீழானது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தாச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறின. லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் பத்து காஜா, பூசிங், மெங்லம்பு பகுதிகளின் மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலை வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் லாரி ஓட்டவும் போனார்கள். தோட்டத்தில் வீடும் தண்ணீரும் கூலியோடு கிடைத்தன. பட்டணத்தில் வாடகை, மின்சாரம், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாமே ரொக்கம். புகையிலைச் செலவு அந்த ரொக்கத்தோடு நேருக்கு நேர் மோதியது இப்போதுதான். 2011இல் எடுத்த தேசிய ஆய்வில் ஆண்களில் 43.9 விழுக்காட்டினர் புகைத்தார்கள். சிகரெட் பிடிப்பவர் மாதம் சராசரியாக ஏறத்தாழ 180 ரிங்கிட் அதற்குச் செலவிட்டார். 2013இல் நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தபோது, அந்தத் தொகை அதில் ஐந்திலொரு பங்கு.

2015 நவம்பர் தொடக்கத்தில் கலால் வரி ஒரு குச்சிக்கு 28 சென்னிலிருந்து 40 சென்னாக உயர்ந்தது. முன்னணிச் சிகரெட்டின் பெட்டி ஒரே நாளில் 13.80 ரிங்கிட்டிலிருந்து 17 ரிங்கிட்டுக்குப் போனது. நாளொரு பெட்டி என்றால் மாதம் 510 ரிங்கிட். மறு ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 1,000 ரிங்கிட்டாயிற்று. அதில் பாதிக்கு மேல் புகையாகப் போகும் என்பது எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டான 2025ஆம் ஆண்டிலும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. அந்தச் சம்பளக்காரரின் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் சுமார் 408 ரிங்கிட் போகிறது. நாளொரு பெட்டி புகைப்பவர், தானும் முதலாளியும் சேர்ந்து தன் முதுமைக்கு ஒதுக்குவதைவிடக் கூடுதலாக எரித்துவிடுகிறார். 17 ரிங்கிட் விலையிலேயே ஆண்டுக்கு 6,205 ரிங்கிட். பத்தாண்டில் வட்டியில்லாமலே 62,050.

விலை ஏறியதும் பலர் விட்டார்கள் அல்லது குறைத்தார்கள். 2019இல் புகைக்கும் ஆண்களின் பங்கு 40.5 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆனால் ஏராளமானோர் கடத்தல் சிகரெட்டுக்குத் தாவினார்கள். வரி கட்டாத பெட்டி ஐந்து ரிங்கிட் அளவிலேயே கிடைத்தது. 2020இல் விற்ற சிகரெட்டுகளில் பத்துக்கு ஆறுக்கு மேல் கள்ளச்சரக்கு என்று தொழில்துறை எடுத்த ஆய்வு சொன்னது. வரி குறைவதால் இலாபம் பெறும் தரப்பின் கணக்கு என்பதை மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும், என்றாலும் கள்ளச்சரக்கு பெருகியதை அமலாக்கத் துறையின் பறிமுதல்களே காட்டின. ஐந்து ரிங்கிட் பெட்டி மாதம் 150 ரிங்கிட்டில் முடிகிறது என்பதால் மலிவு என்று தோன்றும். அதே நுரையீரல், அதே இதயம், அதே மருத்துவமனைப் படுக்கை என்பதால் அந்த மலிவு பாதிக் கணக்குத்தான்.

மீதிப் பாதி மருத்துவச் செலவு. அரசு சுகாதார மையத்தில் ஒரு ரிங்கிட் கட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம் என்பது மலேசியாவின் பெரும் கொடை. அதனாலேயே நோயின் உண்மை விலை நோயாளிக்குத் தெரிவதில்லை. புகைப்பதோடு தொடர்புடைய நுரையீரல் புற்றுநோய், இதய நோய், நாட்பட்ட மூச்சடைப்பு நோய் மூன்றுக்கு மட்டும் 2020இல் 6.2 பில்லியன் ரிங்கிட் செலவானதாகச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. 2030இல் அது 8.8 பில்லியனாகும் என்றும் கணித்தது. குடும்பத்தின் இழப்பு இந்தத் தொகையில் இல்லை. வேலைக்குப் போகாத நாட்கள், கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவியோ மகளோ விட்ட வேலை, பத்து காஜாவிலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு வாரந்தோறும் போய்வரும் வண்டிச் செலவு ஆகியவை எந்த அமைச்சின் ஏட்டிலும் ஏறுவதில்லை.

விட்டால் என்ன கிடைக்கும் என்பதும் நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்கள் 34,000க்கும் மேற்பட்டோரை 1951 முதல் அரை நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தாண்டையும் ஏறக்குறைய முழுமையாக மீட்டார்கள்; நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டவர்கள்கூட மூன்று. நிறுத்திய ஓராண்டில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. பணத்தின் பலன் இவ்வளவு காத்திருக்க வைப்பதில்லை. முதல் மாதச் சம்பளத்திலேயே கையில் நிற்கிறது; கடைப் பற்றோ வட்டிக்கடனோ உள்ள வீட்டில் அதை முதலில் அடைப்பதற்கே அது போதும்.

நிக்கோட்டின் பிடியைத் தனி மனத்திடத்தால் மட்டும் உடைப்பது கடினம். பெரும்பாலோர் ஒருமுறைக்கு மேல் முயன்றுதான் விடுகிறார்கள். முதல் சில வாரங்களில் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பசி ஆகியவற்றைத் தணிக்க நிக்கோட்டின் பசை, ஒட்டு, மாத்திரை உண்டு. அரசு சுகாதார மையங்கள் பலவற்றில் புகைபிடிப்பதை நிறுத்தும் சிகிச்சை நடக்கிறது. அரசு, தனியார் சேவைகளை ஒருங்கிணைத்த ‘எம்குவிட்’ திட்டம் 2015இல் தொடங்கியது. 2019 சனவரி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்ததும் விட முயல்பவர்களுக்குத் துணையாயிற்று. நண்பர் நீட்டும் ஒரு குச்சியால் பலரை மீண்டும் இழுத்துவிடும் இடமாகத் தேத்தண்ணீர்க் கடை இருந்தது.

இப்போதைய போராட்டம் இளையோரின் மின்சிகரெட்டோடு. 2023 மார்ச் இறுதியில் நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு வரிக்குட்பட்டது. அதைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2023 நவம்பரில் நாடாளுமன்றத்தின் மக்களவையில் நிறைவேறி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கு எக்காலமும் விற்கக்கூடாது என்ற பிரிவு அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சிகரெட்டோடு மின்சிகரெட்டும் இச்சட்டத்துக்குள் வருகிறது. விற்கும் பொருளைப் பதிவுசெய்ய வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. கடைகளில் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக்கூடாது என்ற விதி 2025 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் சிகரெட்டின் கலால் வரி குச்சிக்கு மேலும் 2 சென் கூட்டப்பட்டது. 2015க்குப் பிறகு பத்தாண்டு கழித்து வந்த உயர்வு அது.